யாரோ கொடுத்த பெட்டியும் ஐ.நா.வின் பாலினப் பார்வையும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. போதைப்பொருளுக்கு ஆதரவான பதிவு இல்லை. பாதி படிச்சுட்டு நேரா பின்னூட்டத்துக்குப் போய் "அப்போ ஹெராயின் கடத்தினவங்களுக்கு மாலை போட்டு வரவேற்கலாமா?"ன்னு கேட்கப் போற அன்பர்களுக்குக் கீழே பதில் இருக்கு. தயவுசெய்து கடைசி வரைக்கும் வந்துட்டுப் போங்க :-)

முதல் தடவை ஆன்சைட் கிளம்பினப்ப, அம்மாவோட தோழி ஒருத்தங்க மீனம்பாக்கத்துக்கே வந்து ஒரு பார்சலைக் கையில திணிச்சாங்க. "தம்பி, பொண்ணுக்குக் கொஞ்சம் பருப்புப்பொடி, வத்தல், நார்த்தங்கா ஊறுகா. அவளே வந்து வாங்கிக்குவா." பிரவுன் டேப்பைப் போட்டு மம்மி மாதிரி சுத்தி வச்சிருந்தாங்க. நான் பிரிச்சுப் பார்க்கலை. பிரிச்சா அந்த அத்தை என்ன நினைப்பாங்க? கவுன்ட்டர்ல "பெட்டியை நீங்களேதான் பேக் பண்ணினீங்களா, யாராவது எதுவும் கொடுத்தாங்களா?"ன்னு கேட்டப்ப, கூசாம பொய் சொன்னேன். வெளிநாடு போன நம்மாளுங்கள்ல முக்காவாசிப் பேர் இந்தப் பொய்யை ஒரு தடவையாவது சொல்லியிருப்போம்.

அந்த டேப்புக்குள்ள வேற ஏதாவது இருந்திருந்தா? தப்பிச்சிருப்பேன்னு சொல்ல வரலை. ஆனா எனக்காகப் பேச ஒரு கம்பெனி, திக்கித் திணறியாவது பேச இங்கிலீஷ், வக்கீலுக்குக் கொடுக்க அப்பாவோட பி.எஃப். பணம்னு சிலது இருந்துச்சு.

மேரி ஜேன் வெலோசோவுக்கு இதுல ஒண்ணுகூட இல்லை. பிலிப்பைன்ஸ்ல ஏழைக் குடும்பம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா. துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போய், பலாத்கார முயற்சியிலிருந்து தப்பிச்சு ஊர் திரும்பினவர். மலேசியாவுல வீட்டு வேலை இருக்குன்னு தெரிஞ்ச பெண் ஒருத்தர் 2010 ஏப்ரலில் அவரைக் கூட்டிட்டுப் போறார். போய்ச் சேர்ந்ததும் அந்த வேலை இல்லை, இந்தோனேசியாவுக்கு ஒரு நடை போயிட்டு வான்னு சொல்லி டிக்கெட்டும் ஒரு சூட்கேஸும் கைக்கு வருது. இது மேரி ஜேன் சொல்ற கதை. யோக்யகர்த்தா விமான நிலையத்துல அந்த சூட்கேஸுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்த 2.6 கிலோ ஹெராயின் கிடைச்சது. அப்ப அவருக்கு 25 வயசு. அதே வருஷம் அக்டோபர்ல மரண தண்டனை. விசாரணை நடந்தது இந்தோனேசிய மொழியில. மொழிபெயர்க்க வந்தவர் பேசினது இங்கிலீஷ். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது தகாலோக்.

2015 ஏப்ரல் 29 நள்ளிரவுல நூசகம்பாங்கன் தீவுல எட்டுப் பேரைச் சுட்டாங்க. இலங்கை வம்சாவளி ஆஸ்திரேலியரான மயூரன் சுகுமாரன் அதுல ஒருத்தர், நம்ம ஆட்கள் பலருக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். ஒன்பதாவதா நிக்க வேண்டியவர் மேரி ஜேன். கடைசி நேரத்துல அவரை மட்டும் விட்டாங்க. காரணம், அவரை அனுப்பி வச்ச பெண் அதுக்கு முந்தின நாள்தான் பிலிப்பைன்ஸ் போலீஸ்ல சரணடைஞ்சார். அவர் ரெண்டு நாள் கழிச்சு சரணடைஞ்சிருந்தா இந்தக் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். 2024 டிசம்பர்ல மேரி ஜேனைச் சொந்த நாட்டுக்கு அனுப்பினாங்க, அதுவும் கைதியாகவே. உள்ளே போய் பதினாலு வருஷம் தாண்டியிருந்துச்சு.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. பிலிப்பைன்ஸ்ல நடக்குற ஆள்கடத்தல் வழக்குல இந்தப் பெண் பாதிக்கப்பட்டவர், முக்கிய சாட்சி. இந்தோனேசிய சிறையிலிருந்தே எழுத்து மூலமா அவர் சாட்சியம் சொல்லலாம்னு 2019ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அனுமதிச்சது. இந்தோனேசியச் சட்டப்படி அதே பெண் கடத்தல்காரர். ஒரே ஆள், ஒரே சூட்கேஸ். விமானம் எந்தக் கடலைத் தாண்டுதுங்கிறதைப் பொறுத்து அவர் பாவமா பாவியான்னு மாறுது.

ஏன் இப்படி? பொட்டி தட்டுறவன் பாஷையில சொல்றேன். உலகம் முழுக்க போதைப்பொருள் சட்டங்களை ஒரு ஃபங்ஷனா நினைச்சுக்கோங்க. உள்ளே போற முக்கியமான பாராமீட்டர் ஒண்ணே ஒண்ணுதான்: எடை. எத்தனை கிராம் உன் கையில இருந்துச்சு? வெளியே வர்றது தண்டனை. யாரோட சரக்கு, லாபம் யாருக்கு, நீ ஏன் தூக்கினே, தூக்கலைன்னா உனக்கு என்ன ஆகியிருக்கும், இதையெல்லாம் வாங்கிக்க அந்த ஃபங்ஷன்ல இடமே கிடையாது.

இப்ப யோசிங்க. கடத்தல் தொழில்ல எடை யார் கையில இருக்கும்? முதலாளி கையில என்னிக்காவது சரக்கு இருக்குமா? அவன் கையில செல்போன்தான் இருக்கும். எடை இருக்குறது குருவி கையில. அந்தக் குருவிகளும், தெருமுனையில பொட்டலம் விக்கிறவங்களும், புருஷன் பீரோவுல வச்ச பொட்டலத்துக்கு வீட்ல இருந்த பாவத்துக்கு மாட்டினவங்களும் இந்தத் தொழிலோட கடைசிப்படி. இந்தத் தொழிலுக்குள்ள வர்ற பெண்கள்ல பெரும்பாலானவங்க நிக்கிறது அந்தப் படியிலதான். மேல்படிக்கு அவங்களை யாரும் விடுறதில்லை. நம்ம ஐ.டி. கம்பெனிகளை விட மோசமான கண்ணாடிக் கூரை அங்க இருக்கு.

ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகமே 2018 உலக அறிக்கையில சொல்லுது. உலகச் சிறைகள்ல இருக்குற பெண்கள்ல 35 சதவீதம் பேர் போதைப்பொருள் வழக்குல உள்ளே இருக்காங்க. ஆண்கள்ல இது 19 சதவீதம். எண்ணிக்கையில ஆண்கள்தான் பல மடங்கு அதிகம், யாரும் இல்லைங்கலை. ஆனா பெண்களை ஜெயிலுக்கு அனுப்புற காரணங்கள்ல இந்த ஒரே சட்டத்துக்கு இவ்வளவு பெரிய பங்கு இருக்குன்னா, அந்தச் சட்டத்தோட அளவுகோல்ல ஏதோ கோணல் இருக்கணுமில்லையா?

எடையால வந்த அநியாயத்துக்கு உச்சம் வேணும்னா அமெரிக்காவுல கெம்பா ஸ்மித் வழக்கு இருக்கு. கல்லூரி மாணவி. காதலன் கிராக் கொக்கெய்ன் விக்கிற கூட்டத்துத் தலைவன், இவரை அடிச்சு உதைச்சுக் கூட வச்சிருந்தவன். இவர் சரக்கைக் கையால தொட்டதும் இல்லை, வித்ததும் இல்லைன்னு அரசுத் தரப்பே ஒத்துக்கிச்சு. ஆனா சதியில பங்குங்கிற பேர்ல அந்தக் கூட்டம் மொத்தமா வித்த 255 கிலோவையும் இவர் கணக்குல எழுதி, இருபத்தி நாலரை வருஷம் தண்டனை கொடுத்தாங்க. முதல் குற்றம், வயித்துல குழந்தையோட சரணடைஞ்சவர். 2000 டிசம்பர்ல கிளின்டன் தண்டனையைக் குறைச்சுதான் வெளியே வந்தார்.

சரி, இந்தச் சட்டங்கள்ல இருந்து தப்பிக்க வழியே இல்லையான்னா, ஒரு வழி இருக்கு. அந்த வழிதான் இன்னும் கொடுமை. "தகவல் சொல்லு, தண்டனையைக் குறைக்கிறோம்." அமெரிக்காவுல அப்படித்தான். கெம்பாகிட்ட சொல்ல என்ன இருந்துச்சு? அந்தக் காதலன் அதுக்குள்ள கொலையாகிப் போயிருந்தான். சிங்கப்பூர்லயும் 2013லேர்ந்து அதே கதை. வெறும் குருவிதான்னு நிரூபிச்சாலும் பத்தாது, கடத்தலைத் தடுக்க உருப்படியான உதவி செஞ்சார்னு அரசு வழக்கறிஞர் ஒரு சான்றிதழ் கொடுக்கணும். அப்பத்தான் கட்டாய மரண தண்டனையிலிருந்து தப்ப வாய்ப்பு. நாகேந்திரன் தர்மலிங்கத்துக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கலை. 42.72 கிராம் ஹெராயின், அறிவுத்திறன் அளவு 69, 2022 ஏப்ரல்ல தூக்கு. அவர் ஆண்தானேன்னு கேட்பீங்க. ஆமா. நான் சொல்ல வர்றதே அதான். இது கடைசிப்படியில நிக்கிறவங்களுக்கு எதிரான சட்டம். அந்தப் படியில நிறுத்தப்படுறது பெண்கள்னா அது பெண்களுக்கு எதிரான சட்டமா ஆயிடுது. சட்டத்துல 'பெண்'ங்கிற வார்த்தையே இருக்க வேண்டியதில்லை. சொல்ல தகவல் இருக்குறவன் மேல இருக்குறவன். நாலு பேரைத் தெரிஞ்சவன் நாலு பேரைக் காட்டிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போவான். சூட்கேஸ் கொடுத்த ஆளோட முழுப் பேர்கூடத் தெரியாதவ முழுத் தண்டனையும் அனுபவிப்பா.

2023 ஜூலை 28ல் சிங்கப்பூர்ல சரிதேவி ஜமானியைத் தூக்குல போட்டாங்க. 2004க்கு அப்புறம் அங்கே தூக்கிலிடப்பட்ட முதல் பெண். கிட்டத்தட்ட 31 கிராம் ஹெராயின். கட்டாய மரண தண்டனைக்கான எல்லை 15 கிராம். அதுல ஒரு பகுதி சொந்த உபயோகத்துக்குன்னு அவர் சொன்னதைக் கோர்ட் ஏத்துக்கலை. அந்தத் தீர்ப்பு சரியா தப்பாங்கிற விவாதத்துக்கு நான் வரலை. ஒரு பெண்ணோட உயிருக்கும் சாவுக்கும் நடுவுல தராசு முள்ளுதான் நிக்குதுங்கிறதை மட்டும் குறிச்சு வச்சுக்கோங்க.

இப்ப ஐ.நா.வுக்கு வருவோம். உலகப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்கு அஸ்திவாரம் 1961, 1971, 1988 வருஷத்து மூணு ஒப்பந்தங்கள். நாடுகள் உள்நாட்டுச் சட்டம் போட்டதும் இறுக்கினதும் இதுங்க நிழல்லதான். இந்தியாவோட 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் அப்படித்தான். பல வருஷம் கழிச்சுத்தான் இதுல பெண்கள்னு ஒரு ஜாதி இருக்குன்னு வியன்னாவுல இருக்குற பெரியவங்களுக்கு ஞாபகம் வந்துச்சு. 2010ல பெண் கைதிகளுக்கான பாங்காக் விதிகளைப் பொதுச்சபை ஓட்டெடுப்பே இல்லாம ஏத்துக்கிச்சு. 2016 ஏப்ரல்ல நியூயார்க்ல சிறப்புக் கூட்டம், அதோட முடிவறிக்கையில பெண்களுக்குன்னு பத்திகள். அதே வருஷம் போதைப்பொருள் ஆணையத்துல 'பாலினப் பார்வையை எல்லாக் கொள்கைகளிலும் இணைப்பது' பத்தி தனித் தீர்மானம், எண் 59/5. மறுவருஷம் வெளிவந்த சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரிய அறிக்கையோட முதல் அத்தியாயமே பெண்களும் போதைப்பொருளும்தான்.

காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை. கஷ்டம் என்னன்னா, இந்தப் பத்திகள் எல்லாத்துலயும் "ஊக்குவிக்கிறது", "வலியுறுத்துகிறது", "பொருத்தமான இடங்களில்"னுதான் இருக்கும். ஒரு நாடு தன் தண்டனைப் பிரிவைத் திறந்து ஒரு வார்த்தையை மாத்தியே ஆகணும்ங்கிற கட்டாயம் கிடையாது. மென்பொருள் ரிலீஸ்ல நாங்க பண்ற தகிடுதத்தம் மாதிரிதான். பக்கைச் சரி பண்ணாம கையேட்டுல ஒரு குறிப்பு சேர்த்துட்டு "கவனத்தில் கொள்ளப்பட்டது"ன்னு டிக்கெட்டை மூடிடுவோம் :-) இதுக்கு நடுவுல சில நாடுகள் சமத்துவம்ங்கிற பேர்ல பெண் அதிகாரிகளைக் கூட்டுறது, கருத்தரங்கு நடத்துறதுன்னு ஜல்லியடிக்குது. பெண் அதிகாரி வரட்டும், வேணாம்னு யார் சொன்னா? ஆனா அவங்க கையிலயும் அதே தராசுதானே இருக்கப் போகுது?

பாங்காக் விதிகள்னு பேர் வச்ச ஊரையே எடுத்துக்குங்க. தாய்லாந்து இளவரசி முன்னின்று கொண்டுவந்த விதிகள் அவை. அந்த நாடு அப்பவும் அதுக்கப்புறமும் உலகத்துலேயே மக்கள்தொகைக்கு மிக அதிக விகிதத்துல பெண்களை உள்ளே வச்சிருந்த நாடுகள்ல ஒண்ணு. பெரும்பாலும் யாபா மாத்திரை வழக்குகள். 15 மாத்திரை கையில இருந்தாலே 'விற்பனைக்குத்தான்'னு சட்டமே முடிவு பண்ணிடும், எதிர்த்து வாதாடக்கூட முடியாது. எல்லையைத் தாண்டி லாவோஸ்லேர்ந்து ஒண்ணு ரெண்டு மாத்திரை கொண்டு வந்தாலும் அது இறக்குமதி, ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். 2017 ஜனவரியில ஒரு திருத்தம் வந்துச்சு. 'விற்பனைக்கு என்றே கொள்ளப்படும்'ங்கிறது 'என்று அனுமானிக்கப்படும்'னு மாறிச்சு. அதாவது, இல்லைன்னு நிரூபிக்க ஒரு வாய்ப்பு. 2021 டிசம்பர்ல புதுச் சட்டத் தொகுப்பே வந்துச்சு. அந்த ஒத்தை வார்த்தையில 'பாலினம்' எங்கயும் இல்லை. ஆனா ஒரு தாய்லாந்துப் பெண்ணுக்கு எழுபது பாங்காக் விதிகளை விட அது உபயோகமா இருந்திருக்கும்.

கோஸ்டாரிகா இன்னும் நேரடியாப் போச்சு. அங்க ஜெயில்ல இருக்குற புருஷனுக்கோ மகனுக்கோ போதைப்பொருளை உடம்புல மறைச்சு எடுத்துட்டுப் போய் மாட்டுற பெண்கள் நிறைய. தண்டனை 8லேர்ந்து 20 வருஷம். 2013ல சட்டத்துல ஒரே ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. வறுமையில இருக்குற பெண், குடும்பத்தைத் தனியா சுமக்குறவர், சின்னப் பிள்ளைகளோ வயசானவங்களோ மாற்றுத்திறனாளியோ அவரை நம்பி இருந்தா, தண்டனை 3லேர்ந்து 8 வருஷம். அதையும் வீட்டுக்காவல் மாதிரி ஜெயிலுக்கு வெளியே கழிக்க நீதிபதி அனுமதிக்கலாம். நூத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வெளியே வந்தாங்க. அந்த நாடு ஒண்ணும் போதை மாஃபியா கையில இருந்த பெண்களை விடுதலை பண்ணி அழிஞ்சு போயிடலை. கொலம்பியாவுலயும் 2023 மார்ச் 8 அன்னிக்கு ஒரு சட்டம் கையெழுத்தாச்சு. குடும்பத் தலைவியா இருக்குற பெண்கள், குறிப்பிட்ட குற்றங்களுக்கு, எட்டு வருஷம் வரையிலான தண்டனையை ஜெயிலுக்குப் பதிலா சமூக சேவை செஞ்சு கழிக்கலாம்.

இதுக்குப் பேர்தான் இணைப்பது. ஃபங்ஷனுக்குள்ள புது பாராமீட்டர் சேர்க்குறது.

நம்ம ஊர்? "கஞ்சா கடத்திய பெண் கைது"ன்னு முகத்தைத் துப்பட்டாவால மூடின படத்தோட செய்தி வரும், நாமளும் "பொம்பளையே இப்படியா"ன்னு உச்சுக்கொட்டிட்டுப் பக்கத்தைத் திருப்பிடுவோம். சட்டத்தைத் திறந்து பாருங்க. கஞ்சா 20 கிலோவுக்கு மேல, ஹெராயின் 250 கிராமுக்கு மேல போனா 'வணிக அளவு'. 10லேர்ந்து 20 வருஷம், ஒரு லட்சத்துலேர்ந்து ரெண்டு லட்சம் அபராதம். பத்து வருஷத்துக்குக் கீழே இறங்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை. அப்படியே 27ஏ பிரிவைப் பாருங்க. கடத்தலுக்குப் பணம் போடுறவனுக்கான பிரிவு. அதுக்கும் 10லேர்ந்து 20 வருஷம்! ஒரு லட்சத்துலேர்ந்து ரெண்டு லட்சம்! லாரிக்கும் சரக்குக்கும் பணம் போட்ட முதலாளிக்கும், கூலிக்கு ரயில்ல பையைத் தூக்கிட்டு வந்த அம்மாவுக்கும் ஒரே ரேட். இதுல முதலாளி எத்தனை தடவை மாட்டுறார், அந்த அம்மா எத்தனை தடவை மாட்டுறாங்கன்னு பேப்பர் படிக்கிற உங்களுக்கே தெரியும். இதே சட்டத்துல 50வது பிரிவுல பெண்ணுக்கு ஒரு மரியாதை உண்டு: பெண்ணைப் பெண்தான் சோதனை போடணும். உடம்பைத் தடவுறப்ப ஞாபகம் வந்த பெண், தண்டனை அட்டவணை போடுறப்ப யாருக்கும் ஞாபகம் வரலை.

சிகிச்சை பக்கமும் இதே லட்சணம்தான். போதைப்பொருள் உபயோகிக்கிறவங்கள்ல மூணுல ஒருத்தர் பெண், சிகிச்சையில இருக்குறவங்கள்ல அஞ்சுல ஒருத்தர்தான் பெண்னு 2015 உலக அறிக்கை சொல்லுது. பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டுப் போறது, தெரிஞ்சா பிள்ளையையே பிடுங்கிட்டா என்ன பண்றது, வீட்ல சேர்ப்பாங்களா? குடிகாரப் புருஷனைக் கைத்தாங்கலா மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிட்டுப் போற மனைவியை எத்தனையோ பேர் பார்த்திருக்கோம். மனைவியை அப்படிக் கூட்டிட்டுப் போன புருஷனைப் பார்த்தவங்க கைதூக்குங்க. இது தனிப்பதிவுக்கான விஷயம், இப்போதைக்கு விடுறேன்.

இப்ப நான் வாக்குக் கொடுத்த பதில்கள்.

சமத்துவம்னா ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தண்டனைதானே, இது சலுகை இல்லையான்னு ஆபீஸ்ல ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. கோஸ்டாரிகா பிரிவைத் திரும்பப் படிங்க. பெண்ணாப் பொறந்தா போதும்னு அது சொல்லலை. கிரிசெல்டா பிளாங்கோ மாதிரி கொலம்பியாவுலேர்ந்து மயாமி வரைக்கும் கொக்கெய்ன் ஓட்டின தலைவிங்க யாரும் அந்த ஓட்டையில நுழைய முடியாது. குடும்பத்தைத் தனியா சுமக்குற அப்பன்களையும் அதுல சேர்க்கணும்னு நீங்க சொன்னா, நான் ரெண்டு கையையும் தூக்குவேன். பாத்திரத்தை வச்சுக் குற்றத்தை அளக்கிற வழக்கம் நம்ம மத்த சட்டங்கள்ல இருக்குறதுதான். கூட்டுக் கொள்ளையில கத்தியைக் காட்டினவனுக்கும், பயந்துபோய்க் கதவைத் திறந்துவிட்ட வேலைக்காரம்மாவுக்கும் ஒரே தண்டனை கொடுத்தா நாம ஒத்துக்குவோமா?

அடுத்தது, தண்டனையைக் குறைச்சா கடத்தல் கும்பல் இன்னும் அதிகமா பெண்களை அனுப்புமேன்னு ஒரு வாதம். கேட்க நியாயமா இருக்கும். ஆனா இப்ப தண்டனை அதிகமா இருக்குற காரணத்தால கும்பல் பெண்களை அனுப்பாம இருக்கா? மேரி ஜேனுக்கு மரண தண்டனைன்னா அந்தச் சூட்கேஸோட முதலாளிக்கு என்ன நஷ்டம்? 2.6 கிலோ சரக்கு, ஒரு டிக்கெட். குருவி போனா இன்னொரு குருவி, கடன்ல இருக்குற வீடுகளுக்கா பஞ்சம்? அவனைப் பொறுத்தவரை குருவியோட தண்டனை அவன் கணக்குப் புத்தகத்துல வர்றதே இல்லை. அந்தக் கணக்கு எழுதப்படுறது குருவியோட பிள்ளைங்க பேர்ல. மேரி ஜேன் கைதானப்ப சின்னப் பசங்களா இருந்த பிள்ளைங்க, அவர் ஊர் திரும்பினப்ப வாலிபப் பசங்க. அவரை அனுப்பி வச்ச ரெண்டு பேருக்கு சட்டவிரோத ஆள்சேர்ப்பு வழக்குல ஆயுள் தண்டனை கிடைச்சது 2020ல. கவனிங்க, ஆள் சேர்த்ததுக்காக. அந்த ஹெராயினோட உண்மையான சொந்தக்காரன் யாருன்னு எந்தக் கோர்ட்டும் இதுவரைக்கும் சொல்லலை.

பி.கு: அந்தப் பார்சல்ல நார்த்தங்காதான் இருந்துச்சு. அத்தை போட்ட டேப் அவ்வளவு இருந்தும் எண்ணெய் கசிஞ்சு புதுச்சட்டை ரெண்டு போச்சு. மனசு கேட்காம இதை அம்மாகிட்ட சொன்னேன். "அதுக்கென்னடா, அடுத்த தடவை பிளாஸ்டிக் கவர் போட்டுத் தரச் சொல்றேன்"னாங்க.